அணியை இழந்த ஊர்: புனேயில் மூலதனம் ஆடிய ஆட்டம்

புனே நகரின் மேற்கு விளிம்பில், பாலேவாடியில், சிவ் சத்ரபதி விளையாட்டு வளாகம் அமைந்துள்ளது. 1994ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுப் போட்டிக்காக மகாராஷ்டிர அரசு மக்கள் பணத்தில் எழுப்பிய வளாகம் அது. 2008இல் காமன்வெல்த் இளையோர் போட்டியும் அங்கேதான் நடந்தது. 2014-15ஆம் ஆண்டில் மூன்று தொழில்முறைக் கால்பந்து அணிகள் அந்த மைதானத்தைத் தமது சொந்தக் களம் என்று அறிவித்துக்கொண்டன. அடுத்த பருவத்தில் நான்காவதாக மற்றோர் அணியும் புனேயின் பெயரால் தேசிய அளவில் களமிறங்கியது. 2019 ஆகஸ்டில் அவற்றுள் கடைசி அணியும் மறைந்தது. மைதானம் அங்கேயே இருக்கிறது. ஆட்டத்தைக் காண வந்த மக்களும் அதே ஊரில்தான் வாழ்கிறார்கள். அணிகள் மட்டுமே இல்லை.

இதற்கு முதலாளித்துவ ஏடுகள் இரண்டு விளக்கங்களைக் கைவசம் வைத்திருக்கின்றன. புனே மக்களுக்குக் கால்பந்தில் ஆர்வம் இல்லை என்பது ஒன்று. உரிமையாளர்களுக்கு நிர்வாகத் திறமை போதவில்லை என்பது மற்றொன்று. முதலாவது விளக்கம் மக்கள்மீது பழியைச் சுமத்துகிறது. இரண்டாவது விளக்கமோ சில தனிநபர்கள்மீது பழியைப் போட்டு, அமைப்பைக் காப்பாற்றுகிறது. விளையாட்டை ஒளிபரப்பு உரிமையாகவும், அணியை உரிமப் பத்திரமாகவும் மாற்றிய ஏற்பாட்டைப் பற்றி இரண்டுமே வாய் திறப்பதில்லை. புனேயின் அனுபவம் கற்பிக்கும் பாடமோ அந்த ஏற்பாட்டைப் பற்றியதே.

நான்கு அணிகள், ஒரே முடிவு

2007இல் அசோக் பிரமல் குழுமம் புனே எஃப்.சி. அணியைத் தொடங்கியது. ஜவுளியும் மனைத்தொழிலும் அக்குழுமத்தின் முதன்மைத் தொழில்கள். 2012-13 ஐ-லீக் பருவத்தில் அந்த அணி இரண்டாம் இடம் பெற்றது. அதன் இளையோர் பயிற்சிக்கூடம் நாட்டின் சிறந்தவற்றுள் ஒன்று என மதிக்கப்பட்டது. எட்டே ஆண்டுகளில், 2015இல், குழுமம் விலகிக்கொண்டது, அணி கலைந்தது. கல்யாணி குழுமம் தொடங்கிய பாரத் எஃப்.சி. 2014-15 பருவத்தில் ஐ-லீக்கில் நேரடியாக நுழைந்தது. ஒரே பருவம் ஆடி மூடப்பட்டது. 1987இல் தோன்றிய சிவாஜியன்ஸ் என்னும் உள்ளூர் அணியைக் கட்டுமானத் தொழிலதிபர் டி.எஸ். குல்கர்ணியின் குழுமம் வாங்கி, டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் எனப் பெயர் மாற்றி, இரண்டு பருவங்கள் ஐ-லீக்கில் ஆடச்செய்தது. 2017இல் அதுவும் நின்றது. இந்தியன் சூப்பர் லீக்கில் இடம்பெற்ற எஃப்.சி. புனே சிட்டியின் உரிமையாளர் வாதவான் குழுமம். திரை நட்சத்திரம் ஹிருத்திக் ரோஷன் இணை உரிமையாளர். 2014இல் பிறந்த அந்த அணி 2019இல் முடிந்தது.

இந்தப் பட்டியலை ஒருமுறை உற்றுநோக்கினால் போதும். நான்கில் மூன்று அணிகளின் பின்னால் நின்றது மனையும் வீட்டுக்கடனும் சார்ந்த மூலதனமே. இத்தகைய மூலதனத்துக்குக் கால்பந்து அணி என்பது ஊரெங்கும் வைக்கப்படும் விளம்பரப் பலகையைப் போன்றது. மனைச்சந்தை உயரும்போது பலகை ஒளிர்கிறது; சந்தை சரியும்போது முதலில் கழற்றப்படுவதும் அதுதான்.

அந்தச் சரிவின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் காண வேண்டும். வைப்புத்தொகையைத் திருப்பித் தரவில்லை என்று முதலீட்டாளர்கள் தொடுத்த வழக்கில் டி.எஸ். குல்கர்ணி 2018 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். வாதவான் குடும்பத்தின் திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழுவை ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் கலைத்தது. அதன் வைப்பாளர்கள் தமது பணத்தில் ஒரு சிறு பகுதியையே திரும்பப் பெற்றனர். கிரிக்கெட்டிலும் கதை வேறல்ல. 2010இல் சஹாரா குழுமம் 37 கோடி டாலருக்கு ஐ.பி.எல். போட்டியில் புனே அணியை வாங்கியது. 2012 ஆகஸ்டில், சுமார் மூன்று கோடி முதலீட்டாளர்களிடம் திரட்டிய 24,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையைத் திருப்பித் தருமாறு அதே குழுமத்தின் நிறுவனங்களுக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2013இல் புனே வாரியர்ஸ் அணி ஐ.பி.எல்.லிலிருந்து மறைந்தது.

வைப்பாளர்களின் பணம் நேராக அணிக்குச் சென்றது என்று எவரும் நிறுவத் தேவையில்லை. ஓய்வூதியத்தையும் மகளின் திருமணத்துக்குச் சேர்த்ததையும் நம்பிக் கொடுத்த நடுத்தரக் குடும்பத்தாரும், சனிக்கிழமை மாலையில் அணிக்காகக் குரல் கொடுத்த இளைஞரும் ஒரே வகை மூலதனத்தை நம்பினர். இருவரையுமே அது ஒரே காலத்தில் கைவிட்டது.

விற்கப்பட்டது ஒரு நாட்டின் ஆட்டம்

புனேயின் நான்கு அணிகளை மட்டும் பார்த்தால் இது ஊர்க்கதையாகவே தோன்றும். அதன் வேர் புதுடெல்லியில் உள்ளது. 2010 டிசம்பர் 9 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய். தேசிய அணி, லீக் போட்டிகள், விளம்பரம், ஒளிபரப்பு எனக் கூட்டமைப்பின் வணிக உரிமைகள் அனைத்தும் ஒரே கையில் ஒப்படைக்கப்பட்டன. புதிய லீக் ஒன்றைத் தொடங்கும் உரிமையும் அதில் அடக்கம். ஆண்டொன்றுக்குச் சராசரி 47 கோடி ரூபாய்கூட வராத இந்த விலைக்கு ஒரு நாட்டின் கால்பந்து கைமாறியது. இதோடு ஒப்பிட, ஐ.பி.எல். போட்டியின் 2023-27 காலத்துக்கான ஊடக உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. 410 ஆட்டங்களுக்கு வகுத்தால் ஆட்டமொன்றுக்கு 118 கோடி ரூபாய். இரண்டு ஒப்பந்தங்களுக்கும் இடையே 12 ஆண்டுகள் உள்ளன என்பது உண்மையே. ஆயினும் பணமதிப்பில் நாட்டின் இரண்டாண்டுக் கால்பந்து முழுவதும் ஒரேயோர் ஐ.பி.எல். ஆட்டத்துக்கு ஈடாகவில்லை.

இந்த உடன்படிக்கையின் குழந்தைதான் 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக். அப்போது ஐ-லீக் நாட்டின் முதன்மை லீக்காக நடைபெற்று வந்தது. புதிய லீக்கில் ஆடும் தகுதியை வெற்றி தீர்மானிக்கவில்லை. ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் உரிமக்கட்டணம் கட்டும் வசதியே தீர்மானித்தது. எட்டு உரிமங்கள், எட்டு நகரங்கள். கீழே இறங்கும் அச்சமும் இல்லை. கீழிருந்து மேலே வரும் வழியும் இல்லை. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு இந்த மூடிய லீக்கே நாட்டின் முதன்மை லீக் ஆக்கப்பட்டது; ஐ-லீக் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. அதற்கு முன்பே, 2016இல், டெம்போ, சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் க்ளூப் டி கோவா ஆகிய கோவாவின் மூன்று மூத்த அணிகள் ஐ-லீக்கிலிருந்து விலகிவிட்டன. ஆண்டுக்கணக்கில் ஆடி ஈட்டிய இடத்தை, பணம் கட்டிப் பெற்ற இடம் விழுங்கியது. பிற்பாடு ஐ-லீக் வெற்றியாளர் மேலேற வழி திறக்கப்பட்டது; கீழிறக்கம் மட்டும் 2024-25 பருவம் வரையிலும் நடைமுறைக்கு வரவேயில்லை. உரிமம் வாங்கியவரின் முதலீடு பாதுகாக்கப்பட வேண்டும் அல்லவா!

உரிமம் பயணம் போகிறது

2019 ஆகஸ்டில் எஃப்.சி. புனே சிட்டி மறைந்தபோது அதன் இடம் ஹைதராபாதுக்குப் போனது. அதே மாதத்தில் டெல்லி டைனமோஸ் அணி புவனேஸ்வரத்துக்குச் சென்று ஒடிஷா எஃப்.சி. ஆனது. 2022இல் ஹைதராபாத் எஃப்.சி. கோப்பையை வென்றது. அடுத்த இரண்டாண்டுகளுக்குள் அது ஊதிய பாக்கியில் மூழ்கியது, வீரர்கள் வெளியேறினர், புதிய வீரர்களைப் பதிவு செய்ய உலகக் கால்பந்துச் சம்மேளனம் தடை விதித்தது. 2024இல் உரிமையாளர் மாறினார். 2025இல் அணி ஹைதராபாதையும் விட்டு நீங்கி, ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்னும் பெயரைப் பெற்றது.

ஆக, புனேயில் தொடங்கிய ஓர் இடம் ஹைதராபாத் வழியாக டெல்லி சேர்ந்திருக்கிறது. டெல்லியில் தொடங்கிய இடமோ ஒடிஷாவில் இருக்கிறது. இதில் எந்த ஊர் மக்களிடமாவது ஒரு வார்த்தை கேட்கப்பட்டதா? இல்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் எவருக்கும் இல்லை. அணிக்கு உறுப்பினர்கள் கிடையாது, பொதுக்குழு கிடையாது, வாக்குரிமை கிடையாது. ரசிகர் என்று அழைக்கப்பட்டவர் சட்டத்தின் கண்ணில் நுழைவுச்சீட்டு வாங்கிய வாடிக்கையாளர் மட்டுமே. கடை இடம் மாறினால் வாடிக்கையாளரிடம் எவரும் அனுமதி கேட்பதில்லை.

இது இந்தியாவின் தனிக்கோளாறும் அல்ல. அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகள் ஆடும் கால்பந்து, பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அண்டை மாநிலப் பல்கலைக்கழகங்கள் கூடி அமைத்த வட்டாரக் குழுமங்களே நூறாண்டுகளுக்கு மேலாக அதன் அடித்தளம். 2022 கோடையில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் மேற்குக் கரையின் பேக்-12 குழுமத்தை விட்டு, நாட்டின் நடுப்பகுதியை மையமாகக் கொண்ட பிக் டென் குழுமத்தில் சேர்வதாக அறிவித்தன. சில வாரங்களில் பிக் டென் தொலைக்காட்சி நிறுவனங்களோடு ஏழாண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தம் செய்தது. 2023இல் தனக்குத் தக்க ஒளிபரப்பு ஒப்பந்தம் கிடைக்காத பேக்-12 குழுமம் சிதறியது. 12இல் 10 பல்கலைக்கழகங்கள் வெளியேற, ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் நடுத்தெருவில் நின்றன. பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இன்று அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய குழுமத்தில் ஆடுகின்றன. நிலவியல் பாடத்தைத் தொலைக்காட்சி நிறுவனம் திருத்தி எழுதியிருக்கிறது. பாலேவாடியில் நடந்ததும் கலிஃபோர்னியாவில் நடந்ததும் ஒரே விதியின் இரண்டு எடுத்துக்காட்டுகள். ஆட்டத்தின் மதிப்பை ஒளிபரப்புச் சந்தை நிர்ணயிக்கும்போது, ஊர் என்பது நீக்கத்தக்க செலவாகிவிடுகிறது.

மறுப்புகளும் மறுமொழிகளும்

புதிய லீக் பணத்தைக் கொண்டுவந்தது என்று அதன் ஆதரவாளர்கள் வாதிடுவர். உண்மைதான். முன்னணி வீரர்களின் ஊதியம் உயர்ந்தது. வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் வந்தனர். ஒளிபரப்பின் தரம் கூடியது. புதிய நகரங்களில் இளைஞர்கள் மைதானம் நோக்கி வந்தனர். இவற்றை மறுப்பது நேர்மையாகாது. எனினும் அந்த ஊதியம் எதன்மீது நின்றது என்பதே கேள்வி. 2025இல் விடை கிடைத்தது. 15 ஆண்டு உடன்படிக்கை டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பித்தல் பற்றிய பேச்சு முடங்கியது. ஜூலையில் லீக் நிறுத்தி வைக்கப்படுவதாக அமைப்பாளர்கள் அறிவித்தனர். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதன்மை அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊதியத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்.சி.யும் முதன்மை அணியின் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. ஓர் ஒப்பந்தத் தாளின் காலாவதி தேதி, நூற்றுக்கணக்கான உழைப்பாளர்களின் அடுப்பை அணைக்கவல்லதாக இருந்தது. வீரர் மட்டுமல்லர், உடற்பயிற்சி வல்லுநர், புல்தரை பராமரிப்பவர், சீருடை துவைப்பவர், ஓட்டுநர் ஆகியோரும் இந்தக் கணக்கில் உண்டு. அவர்களது பெயர்கள் எந்தத் திரையிலும் வருவதில்லை.

சந்தையில் விலைபோகாத ஆட்டத்தை யார் சுமப்பது என்பது அடுத்த வாதம். 2025 நவம்பர் 7 அன்று, கூட்டமைப்பு கோரிய ஒப்பந்தப்புள்ளிக்கு ஒரு விண்ணப்பமும் வரவில்லை என்பதை இதற்குச் சான்றாகக் காட்டுவர். ஆனால் அந்தச் சந்தை எப்படிப்பட்டது? 2024 நவம்பரில் ரிலையன்ஸின் வயாகாம்18 நிறுவனமும் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் இணைந்து, 70,352 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரே நிறுவனமாயின. நாட்டின் விளையாட்டு ஒளிபரப்பில் ஒருவரோடொருவர் மோதிய இரண்டு பெரும் வாங்குவோர் ஒருவராயினர். லீக்கை நடத்திய நிறுவனமும் ரிலையன்ஸின் வீட்டுப்பிள்ளையே. விற்பவரும் வாங்குபவரும் ஒரே வீட்டில் அமர்ந்திருக்கும் சந்தையில் விலை எங்கிருந்து பிறக்கும்? போட்டி என்னும் பெயரால் தொடங்கிய தாராளமயம் ஏகபோகத்தில் முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை. இறுதியில் 2026 ஜனவரியில் ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் தலையிட்ட பிறகே, சுருக்கிய வடிவில் லீக் நடக்கும் என்ற அறிவிப்பு வெளிவந்தது. இலாபம் வரும்வரை தனியார். இடிந்து விழும்போது அரசு.

மூன்றாவது மறுப்பு இடதுசாரி இயக்கத்துக்கு உள்ளேயே எழக்கூடியது. விலைவாசி, வேலையின்மை, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எனப் போராட ஆயிரம் இருக்கையில் கால்பந்தைப் பற்றிப் பேசுவானேன் என்பர் சிலர். இவர்கள் கட்கியையும் தேஹு ரோட்டையும் எண்ணிப்பார்க்க வேண்டும். புனேயின் இந்தப் படைக்குடியிருப்புப் பகுதிகளில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளையும் படைத்தளவாடக் கிடங்குகளையும் நம்பிப் பல தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. பொதுத்துறை வேலையும் அதன் குடியிருப்பும் மைதானமும் சேர்ந்ததே உழைக்கும் மக்களின் விளையாட்டு வாழ்வு. பெங்களூருவின் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., சென்னையின் இந்தியன் வங்கி எனப் பொதுத்துறை அணிகள் வீரருக்குப் பந்தோடு சேர்த்து ஓய்வுபெறும் வயதுவரை வேலையும் கொடுத்தன. கணுக்கால் முறிந்தாலும் குடும்பம் பட்டினி கிடக்காது. 2013இல் ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் உரிம நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை என்று ஐ-லீக்கிலிருந்து நீக்கப்பட்டன. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகக் கூறுபோடப்பட்டன. கட்கித் தொழிற்சாலை புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. தொழிற்சாலையை நிறுவனமாக்கும் கரமும் அணியை உரிமமாக்கும் கரமும் வேறுவேறல்ல. மாலை நேரத்து விளையாட்டு உழைப்பாளியின் உரிமை. அதைப் பறிப்பதும் சுரண்டலின் ஒரு வடிவமே.

தடுக்க முடிந்த இடங்கள்

இந்தப் போக்கு தடுக்க இயலாதது என்று சோர்வதற்கு இடமில்லை. 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 செல்வந்த கிளப்புகள் மூடிய சூப்பர் லீக் ஒன்றை அறிவித்தன. இங்கிலாந்தின் ரசிகர்கள் வீதிக்கு வந்தனர். மூன்று நாள்களுக்குள் ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் பின்வாங்கின. ஜெர்மனியில் கிளப்பின் பெரும்பான்மை வாக்குரிமை, சில விதிவிலக்குகள் தவிர, உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே லீக்கின் ஊடக வருவாயில் தனியார் முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கும் திட்டம், ரசிகர்கள் வாரந்தோறும் களத்தில் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டத்தை நிறுத்தியதால் 2024 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. லண்டனின் விம்பிள்டன் கிளப்பை வேறோர் ஊருக்குப் பெயர்க்க 2002இல் அனுமதி தரப்பட்டபோது, அதன் ரசிகர்கள் தாமே உடைமையாளராகிப் புதிய கிளப்பைத் தொடங்கினர். அது அடிமட்ட லீக்கிலிருந்து படிப்படியாக ஏறி வந்தது.

இந்தியாவிலேயே சான்று உண்டு. 1889இல் தோன்றி, 1911இல் வெறுங்காலோடு ஆங்கிலேயப் படைப்பிரிவை வீழ்த்திய மோகன் பகான், 2020இல் ஏ.டி.கே. என்னும் உரிம அணியோடு இணைக்கப்பட்டது. கிளப்பின் பெயருக்கு முன்னால் ஒரு நிறுவனத்தின் முத்திரை ஒட்டிக்கொண்டது. ஆதரவாளர்கள் மூன்றாண்டுகள் ஓயாமல் எதிர்த்தனர். 2023இல் அம்முத்திரை அகன்றது. உடைமை முழுமையாக மீளவில்லை. ஆயினும் பெயர் மீண்டது. கொல்கத்தாவுக்கும் புனேக்கும் உள்ள வேறுபாடு ஆர்வத்தின் அளவில் இல்லை. அங்கே உறுப்பினர் அட்டையும் ஆண்டுக்கூட்டமும் கொண்ட கிளப் இருந்தது. இங்கே நிறுவனம் மட்டுமே இருந்தது.

எதைக் கோருவது

ஆகவே கோரிக்கைகளும் அந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்க வேண்டும். முதலாவதாக, பொதுப்பணத்தில் எழுந்த பாலேவாடி போன்ற மைதானங்களைப் பயன்படுத்தும் எந்த அணியும் ஊர் மக்களை உறுப்பினராக ஏற்று, இடமாற்றம், பெயர்மாற்றம், மூடல் ஆகியவற்றில் அவர்களுக்கு வாக்குரிமை அளிக்க வேண்டும். மகாராஷ்டிர அரசு இதை மைதான ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக்கலாம். புதுச்சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டாவதாக, ஒரு பருவத்துக்குரிய முழு ஊதியத்தையும் உரிமையாளர் முன்கூட்டியே பிணைத்தொகையாகச் செலுத்திய பிறகே அணி களமிறங்க வேண்டும். வீரர்களையும் மைதான ஊழியர்களையும் தொழிலாளராக அங்கீகரித்து, அவர்களது சங்கத்தோடு கூட்டுப்பேரம் நடத்த வேண்டும். மூன்றாவதாக, ஏற்றமும் இறக்கமும் எல்லாப் படிகளிலும் நடைமுறைக்கு வர வேண்டும். மாவட்ட லீக்கில் வெல்லும் அணிக்கு உச்சிவரை வழி திறந்திருக்க வேண்டும்.

நான்காவது கோரிக்கை ஒளிபரப்பைப் பற்றியது. அலைக்கற்றைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில், ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கிலேயே, தீர்ப்பளித்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் 2007 முதல் நடைமுறையில் உள்ளது. நாட்டின் முதன்மைக் கால்பந்து லீக்கையும் அந்த வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். உரிமைத் தொகையின் ஒரு பகுதி மாவட்டச் சங்கங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் சென்றாக வேண்டும்.

இவற்றில் எதுவும் சோசலிசம் அல்ல. முதலாளித்துவ ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் மக்கள் போராடிப் பெற்றவையும் காத்தவையும் இவற்றுள் உண்டு. ஆனால் கோரிக்கையை எழுப்ப ஓர் அமைப்பு வேண்டும். புனேயின் தொழிற்சங்கக் கிளைகளும் இளைஞர் அமைப்பும் மாணவர் அமைப்பும் மாவட்டக் கால்பந்து வட்டாரத்தோடு கைகோத்து இதைத் தொடங்க இயலும். சென்னையில் அணியின் செயல்பாடுகள் நின்ற நாள் தமிழ்நாட்டுத் தோழர்களுக்கும் இதே கடமையை நினைவூட்டியிருக்க வேண்டும். பாலேவாடியின் புல்தரை மக்களுடையது. அதன்மீது ஆடும் அணியும் மக்களுடையதாகும்வரை, எத்தனை கோடிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானாலும், அடுத்த அணியும் இன்னோர் ஊருக்கே புறப்படும்.